வாய்ச்சொல்லா, கையெழுத்தா: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் சேர்க்கை, ஸ்காலர்ஷிப், இடமாற்றம்

2026 ஜனவரி 2 முதல் 16 வரை பதினைந்து நாட்கள். அதற்குள் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீரர்கள் ஆயிரக்கணக்கானோர் ‘வேறு கல்லூரிக்குப் போகிறேன்’ என்று பெயர் பதிந்தார்கள். செய்திகளில் அடிபட்டதெல்லாம் மில்லியன் டாலர் பேரங்கள்தான். படிக்கிறவர்களுக்குக் குழப்பம் வராமல் இருக்காது. இவர்கள் மாணவர்களா, சம்பளக்காரர்களா? பணம் கொடுப்பது கல்லூரியா, வெளியாளா? இந்த வருஷம் சேர்ந்த பையன் அடுத்த வருஷமே எப்படிக் கிளம்ப முடிகிறது? பிள்ளை அமெரிக்கப் பள்ளி ஒன்றில் ஆடுகிறான் என்றால் பெற்றோருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: கோச் போனில் கூப்பிட்டு ‘உனக்கு இங்கே இடம் இருக்கிறது’ என்று சொன்னால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் சரியான வழி. இந்த அமைப்பில் நிறைய விஷயங்கள் வாயால் சொல்லப்படுகின்றன, கொஞ்சம்தான் தாளில் ஏறுகின்றன. எது எப்போது தாளில் ஏறுகிறது என்று பிடிபட்டால் மற்ற விதிகளைப் புரிந்துகொள்வது சுலபம்.

## எந்தக் கால்பந்து, எந்தத் தட்டு

இங்கே பேசுவது முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. ஹெல்மெட், தோள்கவசம், ஒரு பக்கத்துக்கு 11 பேர். பள்ளிகளில் சுமார் 10 லட்சம் பேர் ஆடுகிறார்கள். அதில் கல்லூரி அணிவரை போகிறவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். முதல் பிரிவுக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை.

கல்லூரி விளையாட்டில் பெரும்பகுதியை நடத்துவது என்சிஏஏ என்ற சங்கம். 1973இல் அது கல்லூரிகளை மூன்று பிரிவுகளாகப் பிரித்தது. கால்பந்துக்கு மட்டும் முதல் பிரிவே இரண்டாக உடைந்திருக்கிறது. பணக் கணக்கு தட்டுக்குத் தட்டு மாறும்.

1. எஃப்பிஎஸ்: முதல் பிரிவின் மேல்தட்டு. அலபாமா, ஒஹாயோ ஸ்டேட், டெக்சஸ் போன்ற பெரிய பெயர்கள் எல்லாம் இங்கே. 2025 பருவத்தில் 136 அணிகள். 2024 வரை ஓர் அணிக்கு 85 ஸ்காலர்ஷிப். எல்லாம் முழு ஸ்காலர்ஷிப், ஒன்றை இரண்டு பேருக்குப் பிரிக்க முடியாது.

2. எஃப்சிஎஸ்: முதல் பிரிவின் கீழ்த்தட்டு. இங்கே 63 ஸ்காலர்ஷிப்பின் பணத்தை 85 பேர்வரை பிரித்துக் கொடுக்கலாம் என்பது பழைய வரம்பு. ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகளும் இந்தத் தட்டில்தான் இருக்கின்றன, ஆனால் அவை விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே தருவதில்லை. குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்து உதவி செய்கின்றன.

3. இரண்டாம் பிரிவு: 36 ஸ்காலர்ஷிப்பின் பணத்தை மொத்த அணிக்கும் பங்கிட வேண்டும்.

4. மூன்றாம் பிரிவு: விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. மதிப்பெண்ணுக்கோ பணத் தேவைக்கோ உதவி கிடைக்கும்.

5. ஜூனியர் காலேஜ்: இரண்டு வருஷப் படிப்பு. அங்கே ஆடிக் காட்டிவிட்டு நான்கு வருஷக் கல்லூரிக்கு ஏறலாம்.

இரண்டாவதும் மூன்றாவதும்தான் பெற்றோர் அதிகம் ஏமாறும் இடங்கள். ‘பையனுக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது’ என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிடும். கடிதத்தைப் பிரித்துப் பார்த்தால் 40 சதவீதம் என்றிருக்கும். வருஷச் செலவு 50,000 டாலர் என்றால் கல்லூரி தருவது 20,000. மீதி 30,000 வீட்டிலிருந்து போக வேண்டும். நான்கு வருஷத்துக்கு 1,20,000 டாலர். அதே பையன் நன்றாகப் படிக்கிறவனாக இருந்தால், மூன்றாம் பிரிவுக் கல்லூரி ஒன்று படிப்புக்காகத் தரும் உதவி இதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். அதனால் எந்தத் தட்டு என்று கேட்டதோடு நிறுத்தாமல், கையிலிருந்து எவ்வளவு போகும் என்றும் கேட்க வேண்டும்.

## மதிப்பெண் கணக்கு 9ஆம் வகுப்பிலேயே ஓட ஆரம்பிக்கிறது

கோச்சுக்குப் பிடித்துப்போனாலும், என்சிஏஏயின் தகுதி மையம் சரி என்று சொல்லாமல் முதல் வருஷம் ஆட முடியாது. முதல் பிரிவுக்கு, பள்ளியில் 16 முக்கியப் பாடங்களை முடித்திருக்க வேண்டும்: ஆங்கிலம் 4 வருஷம், கணிதம் 3, அறிவியல் 2, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் கூடுதலாக 1, சமூக அறிவியல் 2, மற்ற அங்கீகரிக்கப்பட்ட பாடங்கள் 4. இந்தப் பாடங்களில் மட்டும் கணக்கிடும் சராசரி, 4க்கு 2.3 இருக்க வேண்டும். இரண்டாம் பிரிவுக்கு 2.2 போதும். கல்லூரி நுழைவுத் தேர்வுகளான எஸ்ஏடி, ஏசிடி மதிப்பெண் தேவை என்ற விதியை 2023 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள்.

இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூட்டு உண்டு. 16இல் 10 பாடங்கள் 12ஆம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். அந்த மதிப்பெண்களைப் பிறகு மறுபடி எழுதிக் கூட்ட முடியாது. 12ஆம் வகுப்பில் விழித்துக்கொண்டு ஓடுகிற பையனுக்கு இந்தக் கதவு ஏற்கெனவே சாத்தியிருக்கும்.

## ஆஃபர், கமிட், கையெழுத்து

கோச்சுகள் 11ஆம் வகுப்பு செப்டம்பர் 1ஆம் தேதியிலிருந்துதான் மாணவனுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பலாம். அதன் பிறகும் வருஷம் முழுக்க நாட்காட்டி போட்டுப் பிரித்திருக்கிறார்கள். சில வாரங்களில் கோச் பள்ளிக்கோ வீட்டுக்கோ வந்து பேசலாம். சில வாரங்களில் வந்து ஆட்டத்தைப் பார்க்கலாம், பேசக் கூடாது. சில வாரங்களில் கல்லூரி வளாகத்துக்குள் மட்டும் சந்திக்கலாம். ‘டெட் பீரியட்’ என்ற காலத்தில் நேரில் சந்திப்பதே கூடாது, போனும் மெசேஜும் மட்டும். கோச் திடீரென்று மௌனமானால் ஆர்வம் போய்விட்டது என்று பதற வேண்டாம், முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்.

இப்போது முக்கியமான பகுதி. மூன்று சொற்கள் செய்திகளில் ஒன்றுபோலப் புழங்குகின்றன. மூன்றும் வேறு வேறு.

1. ஆஃபர். கோச் ‘உனக்கு ஸ்காலர்ஷிப் தருகிறோம்’ என்று சொல்வது. 9ஆம் வகுப்புப் பையனிடமும் சொல்கிறார்கள், அவன் உடனே சமூக ஊடகத்தில் போடுகிறான். ஆனால் எழுத்தில் தரக்கூடிய நாள் 12ஆம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் 1. அதுவரை எல்லாம் பேச்சுதான். ஒரே இடத்துக்கு ஒரு கல்லூரி நான்கு பேரிடம் இப்படிச் சொல்லியிருக்கலாம், முதலில் ‘சரி’ சொன்னவருக்கு இடம் போய்விடும்.

2. கமிட். மாணவன் ‘உங்கள் கல்லூரிக்கே வருகிறேன்’ என்று அறிவிப்பது. இதுவும் வாய்ச்சொல்தான். அவன் மனம் மாறலாம், கல்லூரியும் மாறலாம்.

3. கையெழுத்து. டிசம்பர் தொடக்கத்தில் மூன்று நாள், இல்லையென்றால் பிப்ரவரி முதல் புதன்கிழமையிலிருந்து. இங்கேதான் இரண்டு பக்கமும் கட்டுப்படுகிறது.

மூன்றாவதில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 1964 முதல் ‘நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்ற படிவத்தில் கையெழுத்திடுவது வழக்கம். 2024 அக்டோபரில் அதை நீக்கிவிட்டார்கள். இப்போது கையெழுத்தாவது உதவித்தொகை ஒப்பந்தம். எத்தனை வருஷம், எவ்வளவு, எந்தச் செலவுக்கு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஒரு வருஷம் என்றிருக்கிறதா, நான்கு வருஷம் என்றிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். 1973இலிருந்து 2012 வரை ஒரு வருஷ ஸ்காலர்ஷிப்தான் விதி. ஒவ்வொரு கோடையிலும் கோச் புதுப்பிக்கலாம், புதுப்பிக்காமலும் விடலாம். 2012இல்தான் பல வருஷ ஒப்பந்தங்களுக்கு மீண்டும் அனுமதி வந்தது.

2024 ஆகஸ்ட் முதல் முதல் பிரிவு முழுவதற்கும் பொதுவான காப்பு இருக்கிறது: சரியாக ஆடவில்லை என்பதற்காகவோ, காயம் பட்டுவிட்டது என்பதற்காகவோ ஸ்காலர்ஷிப்பைக் குறைக்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் காப்பாற்றப்படுவது படிப்புக்கான பணம்தான், களத்தில் இடம் இல்லை. ‘நீ இங்கே ஆடப்போவதில்லை, வேறு இடம் பார்த்துக்கொள்வது உனக்கு நல்லது’ என்று கோச் அறைக்குள் கூப்பிட்டுச் சொல்வதை எந்த விதியும் தடுக்காது. இடமாற்றத்துக்குப் பெயர் பதியும் போர்ட்டலில் இருக்கும் பெயர்களில் இப்படிச் சொல்லப்பட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் சேர்பவர் ‘வாக்-ஆன்’. கோச்சே கூப்பிட்டு அணியில் இடம் உறுதி என்று சொன்னால் ‘ப்ரிஃபர்ட் வாக்-ஆன்’. பேக்கர் மேஃபீல்ட் டெக்சஸ் டெக், ஒக்லஹோமா என இரண்டு கல்லூரிகளிலும் வாக்-ஆனாகச் சேர்ந்தவர். 2017இல் கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார். அந்த வழி இப்போது குறுகிவிட்டது. ஏன் என்பதற்குப் பணத்தின் கதைக்குப் போக வேண்டும்.

## பணம் எங்கிருந்து வருகிறது

நூறு வருஷத்துக்கு மேலாக என்சிஏஏ ஒரே கொள்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது: கல்லூரி வீரர் அமெச்சூர், படிப்புச் செலவுக்கு மேல் பணம் வாங்கக் கூடாது. தொலைக்காட்சி உரிமை கோடிகளில் விற்றது, கோச்சுகளின் சம்பளம் கோடிகளில் போனது. வீரர் தன் சட்டையில் கையெழுத்துப் போட்டு விற்றால் மட்டும் தண்டனை. இந்த அநியாயத்தை நீதிமன்றங்கள்தான் ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்தன.

2021 ஜூன் 21 அன்று அல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், படிப்பு சார்ந்த உதவிகளுக்கு என்சிஏஏ வரம்பு வைப்பது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று 9-0 என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பத்தே நாளில், ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயர், உருவம், அடையாளத்தை வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. இதைத்தான் என்ஐஎல் என்கிறார்கள். நோக்கம் விளம்பர வருமானம். நடைமுறையில், கல்லூரியின் பணக்கார ஆதரவாளர்கள் கூட்டாகப் பணம் போட்டு ‘கலெக்டிவ்’ என்ற அமைப்புகளை உண்டாக்கி, அவற்றின் வழியாக வீரர்களுக்குக் கொடுத்தார்கள்.

அடுத்தது, என்சிஏஏமீது வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கு. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். அதன் மூன்று விளைவுகள் நேரடியாக ஆள்சேர்ப்பைத் தொடுகின்றன.

1. பழைய வீரர்களுக்குப் பத்து வருஷத்தில் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. இனிமேல், சமரசத்தில் சேரும் ஒவ்வொரு கல்லூரியும் தன் வருமானத்திலிருந்து வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2025-26க்கு வரம்பு, எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து, ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். பெரிய கல்லூரிகளில் அதில் பெரும்பகுதி கால்பந்துக்கே போகிறது.

2. வெளியாட்கள் தரும் 600 டாலருக்கு மேற்பட்ட என்ஐஎல் ஒப்பந்தங்களைப் பதிவு செய்ய வேண்டும். உண்மையான விளம்பர வேலைக்கா, சும்மா தரும் சம்பளமா என்று பார்ப்பார்கள்.

3. சேர்ந்த கல்லூரிகளுக்கு 85 ஸ்காலர்ஷிப் வரம்பு போய்விட்டது. பதிலாக அணியில் மொத்தமே 105 பேர். காதுக்கு 85ஐவிட 105 பெரிதாகக் கேட்கும். முன்பு 85 பேருக்கு மேல் வாக்-ஆன்களையும் சேர்த்து 120 பேருக்கு மேல் வைத்திருந்த அணிகள் உண்டு. அந்த வாக்-ஆன்களில் பலருக்கு 2025இல் இடம் போயிற்று. இருந்தவர்களை வரம்பில் சேர்க்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று கல்லூரிகளுக்கு ஒரு விலக்கைச் சமரசத்தில் சேர்க்கும்வரை நீதிபதி ஒப்புதலை நிறுத்தி வைத்தார். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த விலக்கு இல்லை.

வெளிநாட்டு மாணவர்கள் இதில் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். கல்லூரி அணிகளில் பந்தை உதைக்கும் பன்ட்டர்களாக ஆஸ்திரேலியர்கள் கணிசமாக இருக்கிறார்கள். எஃப்-1 மாணவர் விசாவில் வேலைக்குக் கடும் கட்டுப்பாடு. பக்கத்தில் நிற்கும் அமெரிக்கப் பையன் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் இவர் கையெழுத்திட்டால் விசாவே ஆட்டம் காணும். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் எதிலும் இறங்கக் கூடாது.

## இரண்டு பேருக்கு நடந்தது

பணத்தைப் பற்றிய வாக்கும் தாளும் எப்படிப் பிரிகின்றன என்பதற்கு இரண்டு பகிரங்கமான உதாரணங்கள்.

மேத்யூ ஸ்லூகா 2024இல் ஹோலி கிராஸ் கல்லூரியிலிருந்து லாஸ் வேகஸில் உள்ள யுஎன்எல்வி அணிக்கு வந்த குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். முதல் மூன்று ஆட்டங்களிலும் அணி வென்றது. செப்டம்பர் மாதக் கடைசியில் ‘இனி ஆட மாட்டேன்’ என்று அறிவித்துவிட்டார். உதவி கோச் ஒருவர் வாய்மொழியாக 1,00,000 டாலர் தருவதாகச் சொன்னார், அது வரவில்லை என்பது அவர் தரப்பு. அவர் தரப்பு கேட்டது விதிகளுக்குப் புறம்பானது என்பது பல்கலைக்கழகத்தின் தரப்பு. எழுத்தில் ஏதாவது இருந்திருந்தால் இரண்டு தரப்பு இருந்திருக்காது. மூன்று ஆட்டத்தோடு ஏன் நிறுத்தினார் என்பதற்கும் விதிதான் காரணம்: ஒரு பருவத்தில் நான்கு ஆட்டம்வரை ஆடியவருக்கு, அவர் ஆட அனுமதி உள்ள நான்கு பருவக் கணக்கில் அந்தப் பருவம் சேராது. 2018இல் வந்த இந்த ‘ரெட்ஷர்ட்’ விதி புது மாணவர்களுக்கு அனுபவம் கிடைக்கட்டும் என்று எழுதப்பட்டது.

ஜேடன் ரஷாடாவின் கதை வேறு மாதிரி. பள்ளி முடிக்கும்போது அவரிடம் எழுத்திலேயே ஒப்பந்தம் இருந்தது: ஃப்ளோரிடா ஆதரவாளர்களின் கலெக்டிவோடு 1 கோடியே 38.5 லட்சம் டாலருக்கு. 2022 டிசம்பரில் கல்லூரியோடும் கையெழுத்திட்டார். கலெக்டிவ் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. 2023 ஜனவரியில் அவர் ஃப்ளோரிடாவிலிருந்து விடுவிக்கப்பட்டு அரிசோனா ஸ்டேட் போனார், பிறகு ஜார்ஜியா. 2024 மே மாதம் ஃப்ளோரிடா கோச் உள்ளிட்டவர்கள்மீது வழக்குத் தொடுத்தார். தாள் இருந்தும் ஏன் நிற்கவில்லை? எதிர்ப்பக்கம் கையெழுத்திட்டது கல்லூரி இல்லை. எனவே ஒப்பந்தம் கையில் வந்தால், எதிர்ப்பக்கம் யார், அவர்கள் எப்போது விலகலாம், நான் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற மூன்றையும் வழக்கறிஞரோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். தொகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

## போர்ட்டல் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை

டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018 அக்டோபர் 15இல் வந்த ஒரு தரவுப் பட்டியல், அவ்வளவுதான். அதற்கு முன் மாணவன் வேறு கல்லூரியோடு பேசவே தன் கல்லூரியிடம் அனுமதி வாங்க வேண்டும். ‘எங்கள் போட்டி அணிக்குப் போகக் கூடாது’ என்று கோச் மறுத்த காலம் அது. போர்ட்டல் வந்ததும் அனுமதி என்பது அறிவிப்பாக மாறியது. மாணவன் விதிகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் இரண்டு வேலை நாளுக்குள் பெயரை ஏற்ற வேண்டும். ஏற்றியதும் மற்ற கோச்சுகள் பேசலாம்.

அடுத்த தடை, மாறினால் ஒரு வருஷம் உட்கார வேண்டும் என்பது. 2021இல் ஒரு முறைக்கு அது நீங்கியது. 2023 டிசம்பரில் ஒஹாயோ உள்ளிட்ட மாநிலங்கள் வழக்குப் போட்டன. 2024 ஏப்ரலிலிருந்து, படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம். எந்நேரமும் கிளம்ப முடியாதபடி கால வரம்பு மட்டும் உண்டு. வசந்த காலத்திலும் ஒரு வாய்ப்பு இருந்ததை எடுத்துவிட்டார்கள். அதனால்தான் 2026இல் எல்லாம் ஜனவரியின் அந்தப் பதினைந்து நாளுக்குள் நெரிந்தது.

இந்தச் சுதந்திரம் நன்றாக ஆடுகிறவர்களுக்கு நல்லது செய்திருக்கிறது. கேம் வார்டுக்குப் பள்ளி முடிக்கும்போது வந்த ஒரே ஸ்காலர்ஷிப் ஆஃபர் இன்கார்னேட் வர்ட் என்ற எஃப்சிஎஸ் கல்லூரியிலிருந்து. அங்கிருந்து வாஷிங்டன் ஸ்டேட், அங்கிருந்து மயாமி. தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2025இல் முதல் ஆளாகத் தேர்வானார். ஆனால் போர்ட்டலில் பெயர் போட்ட எல்லாருக்கும் இடம் கிடைக்காது, ஸ்காலர்ஷிப்போடு இடம் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். பெயர் போடும் முன் பதில் தெரிந்திருக்க வேண்டிய கேள்விகள் இவை:

1. இப்போதைய கல்லூரி இந்தப் பருவத் தேர்வோடு என் உதவித்தொகையை நிறுத்துமா? பெயர் போட்டதும் நிறுத்த அதற்கு உரிமை உண்டு. மனம் மாறித் திரும்பினாலும் இடம் தர வேண்டிய கடமை இல்லை.

2. நான் முடித்த பாடங்களுக்கான கிரெடிட்டுகளில் எத்தனை அங்கே செல்லும்? இதைத்தான் யாரும் கேட்பதில்லை, இங்கேதான் அடி விழுகிறது. முதல் பிரிவில் ஆட, இரண்டாம் வருஷ முடிவில் பட்டப் படிப்பில் 40 சதவீதமும், மூன்றாம் வருஷ முடிவில் 60 சதவீதமும், நான்காம் வருஷ முடிவில் 80 சதவீதமும் முடிந்திருக்க வேண்டும். பழைய கல்லூரியில் படித்த பாடங்களைப் புதிய கல்லூரி பாதிதான் ஏற்றுக்கொண்டால் சதவீதம் கீழே விழும். இரண்டு முறை மாறியவர் கையில் பட்டமும் இல்லாமல் ஆட்டமும் இல்லாமல் நிற்பது இப்படித்தான். ஜோ பர்ரோ ஒஹாயோ ஸ்டேட்டில் மூன்றே வருஷத்தில் பட்டத்தை முடித்துவிட்டு 2018இல் லூசியானாவின் எல்எஸ்யூவுக்குப் போனார். 2019 பருவத்தில் ஹைஸ்மன் விருதும் சாம்பியன் பட்டமும் வாங்கும்போது, அவர் கையில் ஒரு பட்டம் ஏற்கெனவே இருந்தது.

3. இன்னும் எத்தனை பருவம் மிச்சம்? ஐந்து வருஷத்துக்குள் நான்கு பருவம் என்பது கணக்கு. மாறினாலும் கடிகாரம் நிற்காது.

4. யார் என்னிடம் பேசினார்கள்? பெயர் ஏறும் முன் வேறு கல்லூரி ஆட்கள் தூது விடுவது விதிமீறல். ‘நீ பெயர் போடு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று இடைத்தரகர் ஒருவர் சொன்னால் அது எந்தத் தாளிலும் இல்லாத வாக்கு.

## இதெல்லாம் 12ஆம் வகுப்புப் பையனை எங்கே கொண்டு விடுகிறது

மேலே சொன்ன மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கடைசியில் பள்ளி மாணவன் தலையில் இறங்குகின்றன. அணியில் 105 இடம்தான். 22 வயதில் மூன்று பருவம் ஆடிய ஒருவர் போர்ட்டலில் கிடைக்கும்போது, 18 வயதுப் பையனை மூன்று வருஷம் வளர்க்க கோச்சுக்குப் பொறுமை இருப்பதில்லை. அந்தக் கோச்சின் வேலையும் அடுத்த பருவத்தின் வெற்றியில்தான் தொங்குகிறது. இதோடு ஜூனியர் காலேஜ் வருஷங்கள் கணக்கில் சேரக் கூடாது என்று வாண்டர்பில்ட் குவார்ட்டர்பேக் டியேகோ பவியா வழக்குப் போட்டு, 2024 டிசம்பரில் தடையாணை வாங்கினார். அவரைப் போன்றவர்களுக்கு 2025-26இல் இன்னொரு பருவம் ஆட என்சிஏஏ வழிவிட்டது. மூத்தவர்கள் ஒரு வருஷம் கூட இருந்தால், கீழே ஒருவர் வெளியே நிற்கிறார்.

பெரிய அணிகளிலிருந்து போன் வராத பையனுக்கு இன்று எஃப்சிஎஸ், இரண்டாம் பிரிவு, ஜூனியர் காலேஜ் ஆகியவைதான் நிஜமான வாசல்கள். தன் ஆட்டக் காட்சிகளை மூன்று நிமிடத்துக்குத் தொகுத்து, முதல் முப்பது விநாடியிலேயே நல்லதைக் காட்டி, மதிப்பெண் பட்டியலையும் இணைத்து, கோச்சுகளுக்கு அவனேதான் எழுத வேண்டும். ஜோஷ் ஆலன் கலிஃபோர்னியாவில் ரீட்லி என்ற ஜூனியர் காலேஜில் ஒரு வருஷம் ஆடிவிட்டு அப்படித்தான் எழுதினார், எஃப்பிஎஸ் அணிகளின் கோச்சுகளுக்கெல்லாம் மின்னஞ்சல். இரண்டே இரண்டு ஆஃபர் வந்தது, வயோமிங்கிலிருந்தும் ஈஸ்டர்ன் மிச்சிகனிலிருந்தும். வயோமிங்கைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்றதும் ஈஸ்டர்ன் மிச்சிகன் தன் ஆஃபரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மிச்சமிருந்த ஒன்றில் கையெழுத்திட்டார். 2018 டிராஃப்டில் ஏழாவது ஆளாக என்எஃப்எல்லின் பஃபலோ அணி அவரை எடுத்தது.